மேப்பிள் காய்த்த ஆப்ரிகாட்

எங்கள் ஊரில் ஏதாவது ஒரு மரத்தின் அருகே டெல்ச்சோ முத்தாஃபோவ் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினால் போதும், எல்லா மாடியிலும் ஜன்னல் திறந்துவிடும்.

"டெல்ச்சோ, அந்த மரம் உன்னை என்ன பண்ணுச்சு?"

"கயிறு கட்டுறேன் அக்கா."

"கட்டிட்டு அப்படியே நடையையும் கட்டு."

அவர்மேல் தப்பில்லை. நகராட்சியின் பசுமைப் பிரிவில் அவருக்குக் கொடுத்த வேலை அப்படி. வெட்டவேண்டிய தெரு மரங்களுக்கு அடையாளம் வைப்பார். எதை வெட்டுவது என்று முடிவெடுப்பது மேலே உட்கார்ந்திருக்கும் குழு. ரம்பத்தோடு வருவது ஒப்பந்தக்காரரின் ஆட்கள். இரண்டுக்கும் நடுவே தெருவில் நடமாடுகிற ஒரே ஜீவன் டெல்ச்சோ என்பதால் வசவு மொத்தமும் அவர் தலையில் விழும். குழுவில் இருப்பவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களுக்கும் கொடுத்திருப்போம்.

அவரோ பிறவியிலேயே முடிவெடுக்காத மனிதர். ராணுவத்தில் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டபோது "எதுவானாலும் சரி" என்றார். உருளைக்கிழங்கு உரிக்க விட்டார்கள். நெவெனாவைக் கல்யாணம் செய்துகொண்டதுகூட நெவெனா எடுத்த முடிவுதான். சாப்பாட்டுக் கடையில் சூப் கேட்பதென்றால் பக்கத்து மேஜைக்காரரின் தட்டைக் காட்டி "அதே" என்பார். இப்படிப்பட்டவரைப் பிடித்து மரங்களின் தலையெழுத்தை எழுத அனுப்பியிருந்தது எங்கள் நகராட்சி.

அடையாளம் வைப்பது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சேர்ந்த புதிதில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போடுவார்கள். ஒரு வருஷம் சிவப்பு தீர்ந்து பச்சை வந்தது. பச்சை என்றால் நல்ல மரம் போலிருக்கிறது என்று ரம்பக்காரர்கள் குறி போட்டதையெல்லாம் விட்டுவிட்டு மற்றதை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பாதிச் சாலை மொட்டையான பிறகு யாரோ ஓடிவந்து நிறுத்தினார்கள். அப்புறம் சுண்ணக்கட்டி வந்தது. ஒரு மழை பெய்தால் அத்தனை மரத்துக்கும் விடுதலை. அப்புறம் எண் அடித்த தகரப் பட்டைகள். அவை ஒரே வாரத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தன, ஆணி உட்பட.

வெட்டுவதாவது பரவாயில்லை. வெட்டிய இடத்தில் வேறு மரம் வைப்பதில்தான் எங்கள் நகராட்சியின் முழுத் திறமையும் தெரியும். எங்கள் கப்பல்காரர் தெருவில் இருந்த வயசான செஸ்ட்நட் மரங்களை எடுத்துவிட்டு உருண்டை மேப்பிள் வைப்பது என்று ஒரு தடவை தீர்மானமாயிற்று. கிளைகள் பந்தாகத் திரண்டு நிற்கும், காய் விழாது, கார்க்காரர்களும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வெட்டிய மரத்தின் வேர்க்கட்டை சாலைப் பிரிவைச் சேர்ந்தது, புதுக் குழி பசுமைப் பிரிவைச் சேர்ந்தது. கட்டையைப் பிடுங்காமல் இவர்கள் குழி தோண்ட முடியாது. குழிக்கு உத்தரவு வராமல் அவர்கள் கட்டையைத் தொட மாட்டார்கள். கடைசியில் கட்டைக்கு ஒரு முழம் தள்ளித் தோண்டிவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் தெருவில் ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலும் ஒரு கட்டை உண்டு, உட்கார்ந்து பேச வசதியாக.

கன்றுகள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து லாரியில் வந்தன. பாலத்துச் சுங்கச் சாவடியில் லாரி வெயிலில் நின்றுவிட்டதாம். இறக்கும்போதே எல்லாம் விறகாகியிருந்தன. ஆனால் துணை மேயர் வருகிறார், கேமராவும் வருகிறது, என்ன செய்வது? விறகை நட்டார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மரப் பலகை நட்டார்கள். "இங்கே வளர்வது உருண்டை மேப்பிள். நகராட்சியின் அன்பளிப்பு." பலகை ஆள் உயரம். கால் நல்ல தடித்த ஓக் கட்டை, மேலே வார்னிஷ். நட்ட இரண்டில் அதுதான் மரமாகத் தெரிந்தது.

அந்தக் குச்சிகளில் ஒன்று டெல்ச்சோ குடியிருந்த கட்டடத்தின் வாசலில் அமைந்தது. இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது விதி. அவர் ஊற்றினார். தரைத்தளத்தில் இருக்கும் கேரா அத்தைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"டெல்ச்சோ, அப்படியே என் துடைப்பத்துக்கும் ஒரு வாளி ஊத்து. எது முதல்ல துளிர்க்குதுன்னு பாத்துருவோம்."

"உத்தரவு அத்தை."

"குச்சிகிட்ட சொல்லிட்டியா, உத்தரவுன்னு?"

தெருவின் மற்றக் குச்சிகளை அடுத்த வருஷம் பிடுங்கிவிட்டு, உயிருள்ள லிண்டன் கன்றுகளை வைத்தார்கள். டெல்ச்சோவின் வாசலில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டார்கள். தினமும் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார் என்றால் உயிரோடுதானே இருக்கும் என்று பசுமைப் பிரிவு முடிவு கட்டிவிட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சந்தை நாள். நெவெனா பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, டெல்ச்சோ கன்று விற்கிறவரின் வண்டி முன்னால் நின்றுவிட்டார். "எது வேணும்?" என்றார் விற்றவர். வழக்கமாக இந்தக் கேள்விக்கு வேர்த்துப்போகும் மனிதர், விரலை நீட்டி "இது" என்றார். அது ஆப்ரிகாட். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. செத்த குச்சிக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றிய மனிதருக்கு, ஊற்றினால் துளிர்க்கிற ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் விடிகாலையில் குச்சியைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியிலேயே அதை நட்டார். பலகையை அவர் தொடவில்லை, அது நகராட்சிச் சொத்து.

அது வளர்ந்து காய்த்தது. தெருவில் பழமரம் கூடாது என்று சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எதற்கு வம்பு என்று நாங்கள் யாரும் அதை ஆப்ரிகாட் என்று சொல்வதில்லை. "மேப்பிள் பழுத்துருச்சு, கூடையை எடு" என்போம். கேரா அத்தை ஜாம் காய்ச்சிப் புட்டிமேல் மேப்பிள் என்று எழுதி ஒட்டுவார். டயர் கடை ஸ்லாவி அதில் சாராயம் வடித்து, மேப்பிள் ரக்கியா என்று தெருவுக்கே ஊற்றுவார். பசுமைப் பிரிவின் ஆய்வாளர்களும் வருஷா வருஷம் வந்து, அடியில் நின்று வாயில் சாறு ஒழுகத் தின்று, கொட்டையைத் துப்பிவிட்டு, "உருண்டை மேப்பிள், நலம்" என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

பூக்கிற நாட்களில் டெல்ச்சோ சமையலறை ஜன்னலில் காபியோடு நின்று கீழே பார்த்துக்கொண்டே இருப்பார். ஊரெல்லாம் யாரோ எடுத்த முடிவுகளைக் கட்டிக்கொண்டு அலைந்த மனிதருக்குத் தானே எடுத்த முடிவு ஒன்று வாசலில் பூத்து நின்றது. அதில் அவருக்கு இருந்த பெருமையை யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பசுமைப் பிரிவுக்குப் புதுத் தலைவியாகப் பொறியாளர் கலபோவா வந்தார். தலைநகரில் படித்தவர், வேகமாக நடப்பவர். ஜூலை மாதம் மரங்களைப் பார்வையிட டெல்ச்சோவையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். பழம் உதிர்கிற காலம். கொழகொழவென்று கனிந்த ஒன்றின்மேல் அந்தம்மாவின் செருப்பு பட்டது, அடுத்த கணம் மல்லாந்து கிடந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே மேலே பார்த்தார்.

"டெல்ச்சோ, இது என்ன மரம்?"

"பலகையில இருக்கு மேடம்."

"நான் பலகையைக் கேக்கலை."

"மேப்பிள் மா," என்றார் ஜன்னலிலிருந்து கேரா அத்தை.

"மேப்பிள்ல ஆப்ரிகாட் காய்க்குமா?"

"நல்லா தண்ணி ஊத்துனா காய்க்கும்," என்றார் ஸ்லாவி.

கணுக்கால் பிசகிக் கட்டுப் போட்டார்கள். கலபோவா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். கைத்தடியோடு அலுவலகம் வந்தவர் டெல்ச்சோவைக் கூப்பிட்டுக் கத்தக்கூட இல்லை. "என் காலு போகட்டும். நாளைக்கு அந்தக் கேரா அம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சா யார் பதில் சொல்றது? தெருவுல பழமரம் ஏன் கூடாதுன்னு இப்பப் புரியுதா?" என்றார். டெல்ச்சோவுக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை. நட்டது யார் என்று அந்தம்மா கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

உத்தரவு எழுதும்போதுதான் ஒரு சிக்கல். ஆப்ரிகாட்டை வெட்டு என்று எழுத முடியாது, ஏனென்றால் நகராட்சியைப் பொறுத்தவரை எங்கள் தெருவில் ஆப்ரிகாட்டே கிடையாது. எழுதினால் இத்தனை வருஷமாக "நலம்" என்று எழுதிய ஆய்வாளர்கள் எல்லோரும் வரிசையில் நின்று பதில் சொல்லவேண்டும். ஆகவே, "அந்த வாசலின் முன்னால் உள்ள உருண்டை மேப்பிளை அகற்றவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குளிர்காலத்தில்தான் வெட்டலாம், மார்ச் முடிந்து பறவைகள் கூடு கட்டிவிட்டால் ரம்பம் எடுக்கக்கூடாது.

இன்னொரு சீர்திருத்தமும் செய்தார். சாயம் பட்டையைக் கெடுக்கிறது, இனி நாடா கட்டுவோம் என்றார். சிவப்பு நாடா கட்டியதை வெட்டவேண்டும், வெள்ளை நாடா கட்டியதை விட்டுவிடவேண்டும். பச்சைச் சாயத்துக் கதை மறுபடி நடக்காது. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இலையுதிர் காலத்தில் கேட்ட நாடா, எங்கள் ஊர் வழக்கப்படி, குளிர்காலம் போகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

அதுவரை டெல்ச்சோ சரியாகத் தூங்கவில்லை. பனியில் மொட்டையாக நின்ற மரத்தை ஜன்னலில் பார்ப்பார், திரும்பி வந்து உட்காருவார். நெவெனா பொறுமை இழந்துவிட்டார்.

"போய்ப் பேசு மனுஷா. அந்தம்மா உன்னை முழுங்கிருமா?"

"என்னன்னு பேசுறது?"

"என் மரம், விட்டுருங்கன்னு."

"என் மரம்னா நான்தான் நட்டேன்னு ஆயிரும்."

"நீதானே நட்ட?"

"அதான் சொல்றேன்."

நெவெனா சீஸ் வைத்துச் சுட்ட பனிட்சாவை அடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் ஓங்கி வைத்தார். "உன்கூட பேசுறதுக்கு அந்த மேப்பிள்கிட்டயே பேசலாம்," என்றார்.

நாடா வந்த மறுநாள் மார்ச் முதல் தேதி. அன்றைக்கு எங்கள் நாட்டில் பிறந்த குழந்தை முதல் போலீஸ்காரர் வரை எல்லோரும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை மணிக்கட்டில் கட்டிக்கொள்வோம். வருஷம் நல்லபடியாக இருக்கக் கட்டுவது, பெயர் மார்த்தெனிட்சா. பூத்த மரம் ஒன்றைக் கண்ணால் கண்டதும் அதை அவிழ்த்து அந்த மரத்தில் கட்டிவிடவேண்டும். அன்று கலபோவாவின் மணிக்கட்டிலும் இருந்தது. நாடாவை எடுத்துக் கொடுத்த கிடங்குக்காரர் கையிலும் இருந்தது. சிவப்பு ஒரு கட்டு, வெள்ளை ஒரு கட்டு என்று எண்ணிக் கொடுத்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. டெல்ச்சோவுக்கு உறைத்தது. கையில் இருந்த நாடாவைப் பார்த்தார், மணிக்கட்டில் நெவெனா கட்டிவிட்ட நூலைப் பார்த்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

தெரு முழுக்கக் கட்டிக்கொண்டு வந்தார். நல்ல லிண்டன்களுக்கு வெள்ளை. மழலையர் பள்ளியின் வேலியை ஒட்டி நின்ற கிழட்டு பாப்ளருக்குச் சிவப்பு. அது செத்து இரண்டு வருஷமாகி, பள்ளி முற்றத்துப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியாகத் தன் வாசலுக்கு வந்தார். ஆப்ரிகாட்டின் தண்டைச் சுற்றிச் சிவப்பு நாடாவைப் போட்டு, பட்டை இறுகாமல் தளர்த்தி முடிச்சிட்டார். மாடிக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மார்ச் நடுவில் ஆப்ரிகாட் பூத்தது. எங்கள் தெருவில் எப்போதும் முதலில் பூப்பது அதுதான். பள்ளிப் பிள்ளைகள், பஸ் ஓட்டுநர்கள், ஸ்லாவி, கேரா அத்தை என்று எல்லோரும் நூலை அவிழ்த்து அதில் கட்டினார்கள். நாள் முடிவதற்குள் சிவப்பு நாடா எங்கே என்று தேடவேண்டியதாயிற்று. அங்கே இடம் தீர்ந்ததும் ஜனங்கள் பார்த்தார்கள், பக்கத்து மரங்களில் ஏற்கெனவே யாரோ சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டியிருக்கிறார்களே. பூ இல்லாவிட்டால் என்ன, நாலு பேர் கட்டிய இடத்தில் நாமும் கட்டுவோம் என்று லிண்டன்களுக்கும் கட்டினார்கள். கேரா அத்தை இன்னும் ஒரு படி மேலே போய்ப் பேரக்குழந்தைகளின் நூல்களையெல்லாம் கொண்டுபோய் அந்தச் செத்த பாப்ளருக்கே கட்டிவிட்டு வந்தார். "அதுக்கும்தான் மனசு இருக்காதா?" என்றார்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி சப்ரி லாரியோடு வந்தார். டெலியோர்மான் காட்டுப் பக்கத்து ஆள், பரம்பரையாக மரம் வெட்டி வளர்ந்தவர். தெருவை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணே, சிவப்பை வெட்டு, வெள்ளையை விடுன்னாங்க."

"ஆமா," என்றார் டெல்ச்சோ.

"எல்லாத்துலயும் ரெண்டும் இருக்கே. பாதி பாதியா வெட்டவா?"

லாரி திரும்பிப் போயிற்று. நூல்களை அவிழ்த்துவிடலாமே என்பீர்கள். அடுத்தவர் கட்டிய மார்த்தெனிட்சாவை அவிழ்க்க எங்கள் ஊரில் ஒருவரும் முன்வர மாட்டார். கலபோவாவே அதைச் சொல்லத் துணியவில்லை. குழு கூடியது. மதியம் முழுக்கப் பேசி ஒரு தீர்மானம் போட்டார்கள். எந்த மரத்தில் சிவப்பு அதிகமோ அதை வெட்டுவது, எதில் வெள்ளை அதிகமோ அதை விடுவது.

அன்று சாயங்காலத்துக்குள் கம்பளி நூல் கடை காலியாகிவிட்டது. டயர் கடைக்கு முன்னால் நின்ற லிண்டன் கார்கள்மேல் பிசினாக வடிக்கிறது என்று ஸ்லாவி அதற்குச் சிவப்பு நூலைச் சுற்றினார். எதிர்வீட்டுக்காரர்கள் அதன்மேல் வெள்ளையைச் சுற்றினார்கள். கேரா அத்தை தன் வெள்ளை ஸ்வெட்டரைப் பிரித்து ஆப்ரிகாட்டைத் தலை முதல் கால் வரை சுற்றிவிட்டார். மூன்றாம் வீட்டுக்காரர் ஒருவர் பொண்டாட்டி மேலிருந்த கோபத்தில், அவளுக்குப் பிடித்த மரம் என்று தேடிப்போய்ச் சிவப்புக் கட்டினார். தெருவைப் பார்த்தால் மரங்களுக்கெல்லாம் தொண்டை வலி வந்தமாதிரி இருந்தது. எண்ண வந்தவர்கள் எண்ணி முடிப்பதற்குள் கணக்கு மாறிக்கொண்டே இருந்தது.

அதிகம் வெள்ளை சேர்ந்த மரம் பாப்ளர். மழலையர் பள்ளியில் பிள்ளை விட வந்த அம்மாக்கள் ஆளுக்கொரு வெள்ளை நூல் கட்டிக் கட்டி, அந்தச் செத்த மரம் ஊரிலேயே செல்வாக்கான மரமாகிவிட்டது.

டெல்ச்சோவுக்கு இரண்டு பக்கமும் நெருக்கியது. இந்தக் குழப்பம் இன்னும் சில நாள் இப்படியே நீடித்தால் மார்ச் முடிந்துவிடும், ஆப்ரிகாட் பிழைத்துவிடும். ஆனால் பாப்ளரும் நிற்கும். அவர் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. வாயை மூடிக்கொண்டு ஜன்னலில் நின்றால் போதும்.

இருபத்தெட்டாம் தேதி காற்று அடித்தது. பாப்ளரின் கிளை ஒன்று, வெள்ளை நூல் சுற்றியபடி, பள்ளி முற்றத்து மணல்குழியில் விழுந்தது. பிள்ளைகள் உள்ளே சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்தார்கள். டெல்ச்சோ அந்தக் கிளையைப் பார்த்தார். மணலில் ஒரு சின்ன வாளி நசுங்கிக் கிடந்தது. அவர் நேராகக் கலபோவாவின் அறைக்குப் போனார், கதவைத் தட்டக்கூட இல்லை.

"பாப்ளரை வெட்டணும் மேடம். இப்பவே."

"எப்படி வெட்டுறது? எது சிவப்பு, எது வெள்ளைன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான்தானே கட்டுனேன்."

கலபோவா பேனாவை வைத்தார். "எல்லா மரமும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ ஒரு வாரமா நாங்க கூட்டம் போட்டு, நூலை எண்ணித் தீர்மானம் போட்டு, இவ்வளவு கூத்து அடிச்சோமே. ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலை மேடம்."

அந்தம்மா நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். "சரி. நாளைக்குச் சப்ரியை வரச் சொல்றேன். நீங்க காட்டுங்க. ஆனா எல்லாத்தையும் காட்டணும். எல்லாத்தையும்," என்றார். எதைச் சொல்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். டெல்ச்சோ தலையை அசைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சப்ரி ரம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டார். "அண்ணே, சாயம் வேணாம், நூலு வேணாம். நீங்க எதுமேல கைய வைக்கிறீங்களோ அதை வெட்டுறேன். கைய வைக்கலேன்னா விட்டுட்டுப் போறேன்." கலபோவாவும் சம்மதித்தார். வாழ்நாளெல்லாம் சாயமும் தகரமும் நாடாவும் பேசவேண்டியதை, கடைசியில் டெல்ச்சோவின் கை பேசவேண்டியதாயிற்று.

பாப்ளரின் கீழே கேரா அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இதுல என் பேரப்பிள்ளைங்க நூலு இருக்கு. தொட்டுப் பாரு."

டெல்ச்சோ விரலை மடக்கித் தண்டைத் தட்டினார். காலிப் பீப்பாயாக ஒலித்தது. "அத்தை, இது செத்துப்போச்சு," என்றார். அவ்வளவு உரக்க அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. "நூலு கட்டுனா உயிர் வராது. நேத்து கிளை விழுந்துச்சு, நாளைக்கு இதே விழும். எந்திரிங்க." பிறகு உள்ளங்கையை விரித்துத் தண்டின்மேல் வைத்தார்.

அத்தை எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். மரம் இறங்கியதும் உள்ளே பார்த்தோம். ஒரு ஆள் நின்றுகொள்ளலாம், அவ்வளவு பொந்து. பள்ளி ஆசிரியை சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். ஸ்லாவி தன் டயர் கடை லிண்டனைக் காட்டி "அப்படியே இதையும்" என்று பார்த்தார். டெல்ச்சோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

கடைசியாக அவர் வாசல். பூ உதிர்ந்துகொண்டிருந்தது, கேரா அத்தையின் ஸ்வெட்டருக்குமேல், நூல்களுக்குமேல், பக்கத்தில் நின்ற பலகையின்மேல் எல்லாம் இதழ். நெவெனா மாடி ஜன்னலில் இருந்தார். கலபோவா கையில் உத்தரவோடு நின்றார்.

"படிங்க மேடம்," என்றார் டெல்ச்சோ.

"எதுக்கு? தெரிஞ்சதுதானே."

"சப்ரி கேக்கட்டும். என்ன வெட்டுறோம்னு அவருக்கும் தெரியணும்ல."

கலபோவா படித்தார். "இந்த வாசலின் முன்னால் உள்ள உருண்டை மேப்பிளை அகற்றவும்."

டெல்ச்சோ ஒரு அடி எடுத்து வைத்தார். அவர் கை எழுந்தது. ஆப்ரிகாட்டை நோக்கி நீண்டது, அதைத் தாண்டியது, பலகையின் ஓக் காலைப் பிடித்துக்கொண்டது.

"இதுதான்," என்றார்.

சப்ரி பலகையைப் பார்த்தார். உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார். "உருண்டை மேப்பிள்னுதான் போட்டிருக்கு," என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு ரம்பத்தை இழுத்துக் கிளப்பினார்.

"டெல்ச்சோ," என்றார் கலபோவா.

"மேடம், நகராட்சியே எழுதி வச்சிருக்கு. இங்கே வளர்வது உருண்டை மேப்பிள்னு. நான் கண்டபடி ஒண்ணை வெட்டச் சொல்லலாமா?"

அந்தம்மா பலகையைப் பார்த்தார், கையில் இருந்த உத்தரவைப் பார்த்தார், பிசகிய கணுக்காலை ஒருமுறை தரையில் ஊன்றிப் பார்த்துக்கொண்டார். ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள். இது மேப்பிள் இல்லை என்று சொன்னால், எது மேப்பிள் என்று சொல்லவேண்டும். அப்புறம் ஆய்வாளர்கள், துணை மேயர், கேமரா, சுங்கச் சாவடியில் காய்ந்த லாரி, எல்லாம் வரிசையாக வரும்.

"வெட்டுங்க," என்றார்.

நல்ல ஓக் கட்டை. பாப்ளரைவிட அதிக நேரம் பிடித்தது. சாய்ந்ததும் இரண்டு ஆட்கள் தூக்கி, கிளை கழிக்க ஒன்றும் இல்லாததால் அப்படியே லாரியில் ஏற்றினார்கள். ஒரு உருண்டை மேப்பிள் அகற்றப்பட்டது என்று கலபோவா கையெழுத்துப் போட்டார். ஸ்லாவி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கேரா அத்தை அவர் முதுகில் ஒன்று போட்டார். டெல்ச்சோ பக்கத்தில் இருந்த பழைய செஸ்ட்நட் கட்டையின்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே கலபோவாவிடம் சொன்னார்.

"இதை நான்தான் நட்டேன் மேடம்."

"தெரியும்," என்றார் அந்தம்மா. "தண்ணி ஊத்துறது யாருன்னு தெருவே சொல்லுது. ஜூலையில பழத்தை உதிர விடாம பறிச்சிருங்க. தினமும். மறுபடி யாராவது விழுந்தா நானே வந்து கைய வைப்பேன்."

அந்த வருஷத்திலிருந்து அவர் பழக்காலத்தில் காலையிலும் மாலையிலும் துடைப்பமும் கூடையுமாக வாசலில் நிற்கிறார். கேரா அத்தையின் துடைப்பம்தான்.

அகற்றிய மரத்துக்குப் பதில் அதே வகை மரம் நடவேண்டும் என்பது சட்டம். இலையுதிர் காலத்தில் லாரி வந்தது. உருண்டை மேப்பிள் ஒன்றும் புதுப் பலகை ஒன்றும். இந்தத் தடவை சுங்கச் சாவடியில் என்ன அற்புதம் நடந்ததோ, கன்று உயிரோடு இருந்தது, இலைகூட இருந்தது. கலபோவா கூடவே வந்திருந்தார். டெல்ச்சோவின் வாசலைப் பார்த்தார், அங்கே குழியில் ஆப்ரிகாட் நின்றது. திரும்பி அவரைப் பார்த்தார்.

"இதை எங்க நடலாம் டெல்ச்சோ?"

டெல்ச்சோவுக்குக் கண் கலங்கிவிட்டது, ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷம் இந்த ஊர் மரங்களோடு அலைந்தவரிடம் யாரும் அதுவரை எங்கே என்று கேட்டதில்லை.

"பாப்ளர் இருந்த இடத்துல," என்றார் நிமிர்ந்து. "பிள்ளைங்களுக்கு நிழல் வேணும். கட்டை இன்னும் அங்கதான் இருக்கு, ஒரு முழம் தள்ளி வச்சிருவோம்."

"பலகை?"

"பலகையை இங்கயே நட்டுரலாம் மேடம்," என்றார். "அது இங்க இருந்தே பழகிப்போச்சு."